கார்த்தி என்ற கறுப்புக் கட்டம்

நான் விழுந்த சத்தம் ஒரே நேரத்தில் இரண்டு மாவட்டங்களில் கேட்டது.

அயோத்தியாப்பட்டணத்தில் எங்கள் வீட்டு ஹால். டீப்பாயைச் சுவரோரம் தள்ளிவிட்டு, ஸ்டூல் மேல் பிரஷர் குக்கரை வைத்து, குக்கரில் செல்போனைச் சாய்த்து, அதைப் பார்த்தபடி நான் குதித்துக்கொண்டிருந்தேன். கைகால்களை விரித்து ஒரு குதி, சேர்த்து ஒரு குதி. என் மனைவி மல்லிகா அப்போதுதான் தரையைத் துடைத்துவிட்டுப் போயிருந்தாள். கிருமிநாசினி வாடை மூக்கில் ஏற, "இன்னும் வேகமா, இன்னும் வேகமா" என்று போனைப் பார்த்துக் கத்திக்கொண்டே குதித்தவன், ஈரத்தில் கால் வழுக்கி அப்படியே உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது மரியாதைக்காகச் சொல்கிற சொல்.

போன் மட்டும் அசையவில்லை. என் இரண்டு பாதங்களும் கூரையைப் பார்த்து நிற்பதை அது ஒழுங்காக ஒளிபரப்பிக்கொண்டிருந்தது.

"ஐயோ, சார் உளுந்துட்டாருடா!"

மைக்கை அணைக்க மறந்திருந்த பூபதியின் குரல் அது. ஜலகண்டாபுரத்துப் பையன். அதற்குப் பிறகு நடந்ததுதான் விசேஷம். அதுவரை வெறும் பெயர் எழுதிய கறுப்புக் கட்டங்களாக மட்டும் இருந்த என் மாணவர்கள், ஒவ்வொருவராகக் கேமராவைத் திறந்தார்கள். "அடி பட்டுருச்சுங்களா சார்?" "இடுப்பப் பாருங்க சார்." எத்தனையோ நாள் கழித்து அந்த முகங்களைப் பார்க்கிறேன். ஒருவன் வாயில் டூத் பிரஷ். ஒருவன் போர்வைக்குள் இருந்து தலையை மட்டும் நீட்டியிருந்தான். இன்னொருவன் கையில் டீ டம்ளர்.

ஒருவனும் குதித்த மாதிரி தெரியவில்லை. இத்தனை நாளும் நான் ஒருவன்தான் குதித்திருக்கிறேன்.

சமையலறையிலிருந்து ஓடிவந்த மல்லிகா என்னைப் பார்த்தாள், ஸ்டூலைப் பார்த்தாள். "நல்லவேளை, குக்கர் விழல" என்றாள்.

வலியோடு வலியாக நானும் சிரித்தேன். எல்லாக் கட்டங்களிலும் சிரிப்பு. ஒரே ஒரு கட்டம் மட்டும் கறுப்பாகவே இருந்தது. அதில் 'கார்த்தி' என்று எழுதியிருந்தது.

விசில், நாற்காலி, நான்

மாணவர்கள் இல்லாத கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர் என்பவர், பஸ் ஓடாத ஊரில் கண்டக்டர் மாதிரி. ஊரடங்கு தொடங்கி, மற்ற துறைக்காரர்கள் எல்லாரும் ஆன்லைனில் பாடம் நடத்தத் தடுமாறிக்கொண்டிருந்தபோது, நான் மொட்டைமாடியில் நின்று வெறிச்சோடிய ஆத்தூர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வேலைக்கு மைதானம் வேண்டும், பையன்கள் வேண்டும், வெயில் வேண்டும். மூன்றில் வெயில் மட்டும்தான் இருந்தது. சேலத்தில் அதற்கு எந்தக் காலத்திலும் ஊரடங்கு கிடையாது.

ஒருநாள் பிரின்சிபால் கூப்பிட்டார்.

"மாணவர்களோட உடம்பு, மனசு ரெண்டையும் கவனிக்கச் சொல்லி மேலேருந்து எழுதியிருக்காங்க சார். நீங்க ஆன்லைன்ல பயிற்சி குடுங்க."

"ஓட்டப் பயிற்சியை ஆன்லைன்ல எப்படி சார் குடுக்கறது?"

"அது உங்க டிபார்ட்மெண்ட் விஷயம்" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

மாணவிகளுக்கு எங்கள் கல்லூரியில் தனியாக ஓர் ஆசிரியை இருந்தார். அவர் மாலை நேரத்தை எடுத்துக்கொண்டார். பையன்கள் எனக்கு, காலை நேரம்.

கல்லூரி நாட்களில் நான் தடை தாண்டி ஓடிய கதையை இந்தத் தொடரில் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஓர் ஆத்தூர் வாசகர், இப்போதும் தாண்டுவீர்களா என்று கேட்டிருக்கிறார். ஐயா, தாண்டுவதெல்லாம் அப்போது. வேலைக்கு வந்து பல வருடங்களாக நான் ஓடியது, மைதானத்துக்குள் நுழைந்த மாடுகளை விரட்ட மட்டும்தான். புங்கமர நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கழுத்தில் விசில், தலையில் தொப்பி. "ஓடு" என்றால் பையன்கள் ஓடுவார்கள். "குனி" என்றால் குனிவார்கள். நான் குனிந்து காட்ட வேண்டிய அவசியமே வந்ததில்லை. தொப்பியும் தொப்பையுமாக வாழ்க்கை சௌகரியமாகப் போய்க்கொண்டிருந்தது.

போனில் அது நடக்காது. செய்து காட்டினால்தான் வகுப்பு. முதல் நாள் ட்ராக் பேண்ட்டின் நாடாவைக் கட்டவே எனக்குப் பாதி மூச்சு போய்விட்டது.

தறிக்கூடத்தில் பஸ்கி

நான் விழுந்த நாளுக்குப் பிறகு வகுப்பின் நிறம் மாறிவிட்டது. விழுந்து எழுந்த வாத்தியார் முன்னால் கூச்சப்பட என்ன இருக்கிறது என்று பையன்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "கேமராவைத் திறக்க நெட்டு பத்தலைன்னா விடுங்க. ஆனா நான் குதிச்சா நீங்களும் குதிக்கணும்" என்று மட்டும் சொன்னேன்.

பூபதி வீட்டில் நான்கு பக்கமும் விசைத்தறிகள். ஊரடங்கில் எல்லாம் நின்றிருந்தன. தறிகளுக்கு நடுவே இருந்த சந்தில் நின்று பஸ்கி போடுவான். "தறிச் சத்தம் இல்லாமத் தூக்கமே வர மாட்டேங்குது சார். பொறந்ததுலேருந்து அதைக் கேட்டுட்டே தூங்கிப் பழகிட்டேன்" என்றான். நாமக்கல் பக்கத்துப் பையன் ஒருவன், கோழித் தீவன மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்கி போட்டான். கோழி தின்றால் நோய் வரும் என்று எவரோ கிளப்பிவிட்ட புரளியில் முட்டை வாங்க ஆளில்லை. அவர்கள் பண்ணை முட்டையை வீட்டிலேயே தின்று தீர்க்க வேண்டிய நிலை. "காலையில அவிச்சது, மத்தியானம் பொரிச்சது, ராத்திரிக்குக் கொழம்பு" என்று அவன் சொன்னபோது மற்றவர்கள் பொறாமைப்பட்டார்கள். அவனுக்கு மட்டும் முட்டை என்றாலே முகம் கோணியது.

தண்ணீர் கேன்கள் எடைக்கருவிகள் ஆயின. வாசற்படிகள் ஏணிப்படிகள் ஆயின. ஒரு தாயார் குறுக்கே புகுந்து, "ஏனுங்க சார், என்ற பையன் ஆட்டுக்கல்லத் தூக்கறானுங்க. நீங்கதான் சொன்னீங்களா?" என்று என்னை விசாரித்தார்.

பயிற்சி முடிந்த பிறகும் யாரும் போக மாட்டார்கள். மூச்சு வாங்க உட்கார்ந்தபடி பேச ஆரம்பிப்பார்கள். பரீட்சை உண்டா இல்லையா என்பதில் தொடங்கும். பிறகு தூக்கம் வராதது, வீட்டில் சண்டை, பக்கத்துத் தெருவை அடைத்துத் தகரம் அடித்தது என்று எங்கெங்கோ போகும். சித்தப்பாவைப் பறிகொடுத்த ஒரு பையன், அவர் முகத்தைக் கூடப் பார்க்க விடவில்லை என்று சொல்லிவிட்டு அழுதான். எல்லாரும் கொஞ்ச நேரம் அவனோடு சும்மா இருந்தோம். மறுநாள் காலை அவன்தான் முதல் ஆளாக வந்தான்.

மல்லிகா என் ட்ராக் பேண்ட்டின் இடுப்பைப் பிடித்துத் தைத்துக் கொடுத்ததும் அந்த நாட்களில்தான். சாயங்காலமானால் இருவரும் கபசுரக் குடிநீரைக் கண்ணை மூடிக்கொண்டு குடிப்போம். அந்தக் கசப்பு நாக்கின் அடியில் இன்னும் இருக்கிறது.

கார்த்தியின் கட்டம் மட்டும் திறக்கவே இல்லை. ஆனால் ஒருநாள்கூடத் தவறாமல் வரும். நான் வணக்கம் சொல்வதற்கு முன்பே வந்து நிற்கும். கேள்வி கேட்டால் பதில் வராது. நெட்டு சரியில்லை போல என்று விட்டுவிட்டேன்.

"இதை எப்பிடீங்க அணைக்கறது?"

வழக்கமாக நான்தான் கடைசியில் மொத்த வகுப்பையும் மூடுவேன். அன்றைக்கு மாம்பழ வண்டி வந்துவிட்டது. ஊரடங்கில் தெருவுக்குள் வருகிற வண்டியை விட்டால் மறுபடி எப்போது வரும் என்று தெரியாது. போனை அப்படியே விட்டுவிட்டு முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஓடினேன். மல்கோவாவோடு திரும்பி வந்து பார்த்தால், எல்லாரும் போய்விட்டார்கள். கார்த்தியின் கட்டம் மட்டும் நின்றுகொண்டிருந்தது.

"கார்த்தி, கிளாஸ் முடிஞ்சதுப்பா."

கொஞ்ச நேரம் கழித்து யாரோ தொண்டையைச் செருமும் சத்தம். பீடி பிடித்துப் பிடித்துக் கரகரத்துப்போன ஒரு பெரிய மனிதரின் குரல்.

"ஏனுங்க சார்... இதை எப்பிடீங்க அணைக்கறது?"

நான் மாம்பழத்தைக் கீழே வைத்தேன்.

"யாரு பேசறது?"

"நானுங்க, செங்கோடன். கார்த்தியோட அப்பன். நெதமும் அதுவா அணைஞ்சுக்குமுங்க. இன்னிக்கு என்னென்னமோ அமுக்கிப் பாத்துட்டேன், அணையவே மாட்டேங்குது. பக்கத்தூட்டுப் புள்ளதான் அமுக்கிக் குடுத்துட்டுப் போவும். அதையுங் காணம்."

"கார்த்தி எங்கீங்க?"

பின்னணியில் எங்கோ ஒரு ஆடு கத்தியது.

"கோவிச்சுக்காதீங்க சார். பையன் எந்திரிக்கவே மாட்டேங்கறான். வகுப்புக்கு வராட்டி பேரு கீறு அடிச்சுப்போடுவாங்களோன்னு பயந்துபோயி, அவன் போனை எடுத்துட்டு நானே வந்து நின்னுக்கறனுங்க."

"இத்தனை நாளாவா?"

"ஆமாங்க."

"சும்மா நின்னுக்கிட்டா இருக்கீங்க?"

"அதெப்பிடீங்க!" குரலில் லேசான ரோஷம். "பையன் பேருல நிக்கறப்ப சும்மா நிக்க முடியுங்களா? நீங்க சொல்றதெல்லாஞ் செஞ்சுட்டுத்தான் இருக்கறேன். தண்டால்தானுங்க இன்னும் சரியா வல்ல. வவுறு மொதல்ல தரையத் தொட்டுருது."

சிரிப்பதா, கலங்குவதா என்று தெரியாமல் ஸ்டூல் அருகிலேயே உட்கார்ந்துவிட்டேன். செங்கோடன் லாரி டிரைவர். நாமக்கல்லிலிருந்து வடக்கே லோடு ஏற்றிப் போனால் திரும்ப எத்தனையோ நாள் ஆகும். வீட்டில் தங்குவது, துணி துவைத்துக் காயும் வரைதான். ஊரடங்குதான் அவரை முதல்முறையாக வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் இருந்த சொந்த வீட்டில் இப்படி நிறுத்தி வைத்தது.

"பையன் வளந்ததே எனக்குத் தெரியாதுங்க சார். அவன் தூங்கற மொகத்த இப்பத்தான் நின்னு பாக்கறேன். அதுவும் இப்பிடியா பாக்கோணும்?"

சுவரைப் பார்த்த முதுகு

கார்த்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்ணூறு மீட்டர் ஓட்டக்காரன். அதிகம் பேச மாட்டான். காலையில் நான் மைதானத்துக்கு வருமுன்பே வந்து ஓடிக்கொண்டிருப்பான். அந்த வருடம்தான் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகியிருந்தான். வெளிமாநிலப் போட்டி. ரயில் டிக்கெட் கூட எடுத்தாகிவிட்டது. ஹாஸ்டல் அறையில் பையைக் கட்டி வைத்திருந்தவனிடம், போட்டி இல்லை, கல்லூரியும் இல்லை, எல்லாரும் ஊருக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டோம். கட்டிய பையோடு அப்படியே வீட்டுக்குப் போனான்.

முதல் சில நாட்கள் ஊர் ரோட்டில் ஓடியிருக்கிறான். ஆளைக் கண்டு ஆள் பயந்து கிடந்த நேரம். "நோயைத் தூக்கிக்கிட்டு ஊரெல்லாம் சுத்தறான்" என்று நாலு பேர் சத்தம் போட்டிருக்கிறார்கள். ஒருவர் வழியில் முள்ளை வெட்டிப் போட்டார். அன்றைக்கு வீட்டுக்குள் போனவன் ஷூவைக் கழற்றினான். பிறகு பகலில் தூக்கம், இரவில் போன். அதன் பிறகு போனும் வேண்டாம் என்று ஓரமாக வைத்துவிட்டான். அம்மா சரசு தட்டில் சோறு கொண்டுபோய் வைத்தால் கால்வாசி தின்பான். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

நான் போனில் கூப்பிட்டுப் பேசினேன். தைரியமாக இரு, போட்டி அடுத்த வருடமும் வரும், எழுந்து வா என்றெல்லாம் சொன்னேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "சரிங்க சார்." ஒரு பையனின் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் எங்கே அழுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். இது எங்கே பிடித்திருக்கிறது என்று தெரியவில்லை. அந்தக் காலையில் மல்கோவா கூட இனிக்கவில்லை.

எங்கள் கல்லூரியின் உளவியல் துறை மேடத்துக்குப் போன் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அவனிடமும் தனியாகப் பேசினார். பெற்றோரிடம் என்னென்ன கவனிக்க வேண்டும், எந்த நிலை வந்தால் யோசிக்காமல் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று விளக்கினார். பிறகு என்னிடம், "நீங்க அறிவுரை சொல்றதை மட்டும் கொஞ்சம் நிறுத்துங்க சார். அவன் பக்கத்துல யாராவது இருக்கட்டும். எழுந்திருன்னு சொல்ல வேண்டாம். பக்கத்துல இருந்தாப் போதும்" என்றார்.

அதை யோசித்தபடியே செங்கோடனைக் கூப்பிட்டேன்.

"நீங்க எந்த இடத்துல நின்னு பயிற்சி பண்றீங்க?"

"வாசல்லதானுங்க."

"நாளையிலேருந்து அவன் ரூமுக்குள்ள நின்னு பண்ணுங்க. அவனை ஒண்ணும் சொல்லாதீங்க. நீங்க பாட்டுக்கு உங்க வேலையைப் பாருங்க. கேமராவையும் திறந்திடுங்க, உங்க தண்டாலை நான் பார்க்கணும்."

"இடுப்பத் தூக்குங்க"

மறுநாள் காலை கார்த்தியின் கட்டம் முதல்முறையாக வெளிச்சமானது. கையில்லாத பனியன், மடித்துக் கட்டிய லுங்கி, நரைத்த மீசை. "வணக்கமுங்க அல்லாருக்கும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவருக்குப் பின்னால் ஒரு கட்டில். அதில் போர்வை மூடிய ஒரு முதுகு.

பையன்களிடம் முன்பே சொல்லியிருந்தேன், கார்த்தியின் பெயரை யாரும் எடுக்கக் கூடாது என்று. ஒருவனும் எடுக்கவில்லை. "வணக்கம் அப்பா" என்று பூபதி ஆரம்பித்தான். அன்றிலிருந்து செங்கோடன் எல்லாருக்கும் அப்பா ஆகிவிட்டார்.

மனிதர் செய்கிற பயிற்சியைப் பார்க்க வேண்டுமே. நின்ற இடத்தில் ஓடச் சொன்னால், முழங்கால் உயராது, கழுத்து மட்டும் முன்னால் போய் வரும். கையைச் சுற்றச் சொன்னால் ஸ்டியரிங் சுற்றுவார். "அப்பா, எதிர்ல வண்டி வருது, பாத்து!" என்று பையன்கள் கத்துவார்கள். "ஹாரன் அடிச்சுட்டேன், அவனே ஒதுங்கிக்குவான்" என்று அவரும் விடமாட்டார். பின்னால் அந்த முதுகு அசையாது. நாட்கள் இப்படியே போயின.

ஒருநாள், ஓட்டம் தொடங்குகிற நிலையைச் சொல்லிக் கொடுத்தேன். விரல்களைத் தரையில் ஊன்றி, ஒரு முழங்காலை மடித்து, விசில் சத்தத்துக்குப் பாயத் தயாராக இருக்கிற அந்த நிலை. எல்லாரும் குனிந்தார்கள். செங்கோடனும் குனிந்தார். ஆனால் பின்பக்கம் தரையோடு தரையாகக் கிடந்தது. லாரிக்கு அடியில் எட்டிப் பார்க்கிறவர் மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு, "இப்பிடிங்களா சார்?" என்றார்.

"இன்னும் கொஞ்சம் தூக்கணும்."

"எதைங்க?"

அப்போது ஒரு குரல் வந்தது. தூக்கத்தில் அடைத்த, வெகு நாளாகப் பேசாத குரல்.

"அப்பா. இடுப்பத் தூக்குங்க."

எந்தக் கட்டத்திலும் யாரும் அசையவில்லை. செங்கோடனும் அசையவில்லை. குனிந்த வாக்கிலேயே, தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"எவ்வளவு சாமி?"

போர்வை விலகியது. கட்டிலிலிருந்து இரண்டு கால்கள் இறங்கின. படத்தில் எங்களுக்கு அந்தக் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. நடந்து வந்தன. ஒரு கை அப்பாவின் இடுப்பைப் பிடித்துத் தூக்கியது, இன்னொரு கை தோளை முன்னால் தள்ளியது. "வெயிட்டு கையில இருக்கோணும். கால்ல இல்ல" என்றான். பிறகு அந்தக் கால்கள் திரும்பிப் போயின. கட்டில் கிறீச்சிட்டது. முதுகு பழையபடி சுவரைப் பார்த்தது.

நான் அடுத்த பயிற்சியைச் சொல்ல மறந்து நின்றேன். பையன்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள், வியர்வைதான் என்கிற மாதிரி. செங்கோடன் இன்னும் குனிந்தே இருந்தார். இடுப்பு சரியான உயரத்தில் இருந்தது. அதை இறக்க அவருக்கு மனம் வரவில்லை.

ஏரிக்கரை

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். மறுநாள் அவன் வாயே திறக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பிறகு ஒருநாள், "மூச்சை அடக்காதீங்கப்பா" என்றான். இன்னொரு நாள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, அப்பாவின் தண்டாலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். அதை நான் சொன்னபோது உளவியல் மேடம் கூட போனில் சத்தமாகச் சிரித்தார். அவர் வாரா வாரம் அவனிடம் பேசுவதை நிறுத்தவே இல்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் அப்பனும் மகனும் ஏரிக்கரையில் நடக்கத் தொடங்கினார்கள். முதலில் செங்கோடன்தான் கூப்பிட்டிருக்கிறார். "எனக்குத் தனியாப் போவ ஒரு மாதிரி இருக்குது, கூட வா" என்று. நடை மெதுவாக ஓட்டமானது. "நோயைத் தூக்கிக்கிட்டு" என்று முன்பு கத்தியவர்களில் ஒருவர், கரையில் மாடு மேய்த்துக்கொண்டே, "ஏனப்பா செங்கோடா, பையன் அந்தாண்ட போயிட்டான், நீ இன்னும் இங்கயே நிக்கற" என்று கேலி செய்கிற அளவுக்கு ஊர் இளகியிருந்தது.

அந்த ஓட்டங்களில் அவர்கள் நிறையப் பேசிக்கொண்டதாக சரசு என்னிடம் சொன்னார். "என்ன பேசறாங்கன்னு கேட்டா ரெண்டு பேருமே சொல்ல மாட்டேங்கறாங்க சார். ஆனா வந்ததும் தட்டு நெறயச் சோறு கேக்கறாங்க. எனக்கு அது போதுமுங்க."

பிறகு லாரிகள் ஓடத் தொடங்கின. செங்கோடன் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனார். போகிற அன்று வகுப்புக்கு வந்து, "எல்லாரும் ஒடம்பப் பாத்துக்கங்க சாமிகளா. வாரேன்" என்று கும்பிட்டார். மறுநாள் கட்டத்தில் கார்த்தி மட்டும் நின்றான். முகம் தெரிய, நேராக.

என் முறை

அடுத்த அலையில் நோய் என்னைப் பிடித்தது. மருத்துவமனையில் இடமில்லாத நேரம். டாக்டர் வீட்டிலேயே தனி அறையில் இருக்கச் சொன்னார். விரலில் மாட்டும் கருவி காட்டுகிற எண்ணைக் கதவிடுக்கு வழியாக மல்லிகாவுக்குச் சொல்வதுதான் என் முழுநேர வேலை. ரசம் எது, வெந்நீர் எது என்று ருசியில் தெரியவில்லை. வகுப்பை நிறுத்திவிடலாம் என்று குழுவில் தகவல் போட்டேன்.

மறுநாள் காலை கார்த்தியிடமிருந்து ஒரு இணைப்பு வந்தது. அமுக்கினேன். படுத்தபடியே பார்த்தேன். அவன்தான் வகுப்பை நடத்திக்கொண்டிருந்தான். என்னைப் போலக் கத்தவில்லை. ஒவ்வொருவனையும் பெயர் சொல்லி, "பூபதி, முட்டி வெளிய போவுது", "நீ நேத்து ஏன் வல்ல?" என்று அமைதியாகச் சொன்னான். ஒரு கட்டத்தில் எங்கோ வடநாட்டுச் சாலையோரம். தார்ப்பாய் கட்டிய லாரிக்குப் பக்கத்தில் செங்கோடன். அவரோடு இன்னும் இரண்டு டிரைவர்கள், மொழி தெரியாவிட்டாலும் அவரைப் பார்த்துப் பார்த்துக் கையைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

கார்த்தி என்னைக் கவனித்துவிட்டான்.

"சார், நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். மூச்ச மட்டும் மெதுவா இழுத்து விடுங்க. நாங்க எண்ணறோம்."

அத்தனை பையன்களும் எண்ணினார்கள். நான் இழுத்தேன், விட்டேன். இழுத்தேன், விட்டேன். இத்தனை வருட வேலையில் நான் போட்ட உத்தரவுகளுக்குக் கணக்கில்லை. ஒரு மாணவனின் உத்தரவுக்கு நான் பணிந்தது அதுதான் முதல் தடவை. அது சுகமாக இருந்தது. கதவுக்கு வெளியே மல்லிகாவும் கூடவே எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஒரு சுற்று

கல்லூரி திறந்து, புல் மண்டிக் கிடந்த மைதானத்தை நாங்களே செதுக்கி, சுண்ணாம்புக் கோடு போட்டோம். கார்த்தியின் படிப்பில் கடைசி வருடத்தில் போட்டிகளும் திரும்பின. சேலத்தில் நடந்த கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் கார்த்தி எண்ணூறு மீட்டர் ஓடினான். செங்கோடன் ஒரு டிரிப்பை வேறொருவருக்கு மாற்றிவிட்டு, சலவை வேட்டி சட்டையோடு வந்திருந்தார். மகன் பந்தயத்தில் ஓடுவதை அவர் அதுவரை பார்த்ததே இல்லை.

கார்த்தி மூன்றாவதாக வந்தான். எனக்கு அது பெரிய விஷயம். செங்கோடனுக்கு இல்லை. "முன்னால போன ரெண்டு பேரும் எந்த ஊருப் பசங்க?" என்று முறைத்தபடி விசாரித்தார்.

பரிசளிப்பு முடிந்தது. கூட்டம் கலைந்தது. வெயில் இறங்கி, மைதானத்து மண் மெல்ல ஆறத் தொடங்கியிருந்தது. செங்கோடன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"ஏனுங்க சார், நாஞ் சும்மா ஒரு சுத்து ஓடிப் பாத்தா ஆராச்சும் வைவாங்களா?"

"நான் இருக்கேன். ஓடுங்க."

வேட்டியை மடித்துக் கட்டினார். கார்த்தி தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, "நானும் வாரேன்ப்பா" என்று எழுந்தான்.

செங்கோடன் காலி வண்டி மாதிரிப் பிய்த்துக்கொண்டு போனார். மகன் சில அடி பின்னால், அலட்டிக்கொள்ளாமல் வந்தான். பாதி தூரத்தில் அவர் வேகம் விழுந்தது. இருந்தாலும் அவர்தான் முன்னால். கடைசி நேர்க்கோட்டுக்கு வந்தபோது, இவன் அப்பாவை ஜெயிக்க விட்டுவிடுவான் என்றுதான் நான் நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தானே செய்வார்கள். செங்கோடனும் அப்படித்தான் நினைத்தார் போல. சிரித்துக்கொண்டே ஒருதடவை திரும்பிப் பார்த்தார்.

கார்த்தியின் தலை லேசாகத் தாழ்ந்தது. கைகள் வீசத் தொடங்கின. முழங்கால்கள் உயர்ந்தன. கோட்டுக்குச் சற்று முன்னால் அப்பாவைத் தாண்டி, நெஞ்சை முன்னால் தள்ளிக்கொண்டு பாய்ந்தான்.

சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவனுக்கு அப்போது இந்த உலகத்தில் எதுவுமே வேண்டியிருக்கவில்லை. இப்போது பெற்ற அப்பாவையே ஜெயித்தாக வேண்டியிருந்தது. இத்தனை வருடங்களில் நான் பார்த்த வெற்றிகளில் எனக்கு அதைவிடப் பிடித்தது வேறு இல்லை.

செங்கோடன் புல்லில் விழுந்து, விலாவைப் பிடித்துக்கொண்டு, மூச்சுக்கும் சிரிப்புக்கும் நடுவில் கத்தினார். "பாத்தீங்களா சார்! பெத்த அப்பன்னு ஒரு எரக்கம் இருக்குதுங்களா இவனுக்கு?"

கார்த்தி இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினான்.

"கோட்டுக்கிட்ட வந்துட்டுத் திரும்பிப் பாத்தீங்கல்ல, அதாம்ப்பா தப்பு."

செங்கோடன் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"தூக்கி உடு. இன்னொரு சுத்து ஓடலாம்."